நீரைப் பார்த்துப் போட்ட திட்டம்: டார்வினிலிருந்து மாட்டரங்கா வரை கேரவனில் ஒரு பயணம்

ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) கேரவனை இழுத்துக்கொண்டு கிளம்பும் நம்மவர்கள் பெரும்பாலும் சாலை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்ற கணக்கிலிருந்துதான் திட்டத்தைத் தொடங்குகிறார்கள். அந்தக் கணக்கு இந்த மண்ணுக்குப் பொருந்தாது என்பது டார்வினில் குடியிருக்கும் எங்கள் இருவரின் அனுபவம். இங்கே எந்த ஆறு எப்போது திறக்கும், எந்த ஊற்றில் எந்த இடத்தில் கால் வைக்கலாம், குடிநீர் எந்த ஊரில் கிடைக்கும் என்பவற்றை முதலில் அறிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் சாலைக் கணக்குக்கு வர வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் நானும் என் கணவரும் டக்ளஸ் வெந்நீர் ஊற்று, லெலின் அருவி, நிட்மிலுக் பள்ளத்தாக்கு, கேத்தரின், மாட்டரங்கா என்று சென்று வந்த பயணத்தில் கற்றவற்றை, இதே வழியில் செல்ல நினைக்கும் தம்பதியருக்காக எழுதுகிறேன்.

கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் பெரிய வண்டி பலருக்கு நினைவு வரும். நான் சொல்வது காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும், கட்டிலும் அடுப்பும் ஃப்ரிட்ஜும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட சக்கர வீடு. டார்வினிலிருந்து மாட்டரங்கா வரை ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் சுமார் 420 கிலோமீட்டர்தான். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் போய்விடக்கூடிய அந்தத் தொலைவில் எங்கள் விடுப்பு முழுவதையும் செலவிட்டோம். செலவிட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

இந்த நிலத்தில் ஆண்டு இரண்டாகப் பிரிகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை. மே முதல் அக்டோபர் வரை வறட்சி. மழைக்காலத்து வெள்ளம் எவ்வளவு பெரியது என்பதற்கு, 1998 ஜனவரியில் கேத்தரின் ஆறு 20 மீட்டருக்கும் மேல் உயர்ந்து ஊருக்குள் புகுந்ததை அங்குள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள். வெள்ளம் பெருகும்போது உவர்நீர் முதலைகள் கடலோரச் சதுப்பிலிருந்து ஆற்றின் மேற்பகுதிவரை ஏறி வந்துவிடும். ஒரு காலத்தில் தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிப்போன இந்த முதலைகளுக்கு 1971இல் வட ஆட்புலத்தில் பாதுகாப்பு அளிக்கப்பட்டது; அதன் பிறகு அவை பெருகிவிட்டன. ஆகவே மழை ஓய்ந்து நீர் வடிந்த பின்னர், பூங்கா ஊழியர்கள் இரவில் விளக்கடித்துத் தேடியும் பொறிக்கூண்டுகள் வைத்தும் ஆற்றைச் சோதித்து, உவர்நீர் முதலை இல்லையென்று தங்களுக்கு நிறைவு ஏற்பட்ட பிறகே துடுப்புப் படகுகளை விடுகிறார்கள். அந்த நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எனவே விடுப்புக்கு விண்ணப்பிக்கும் முன்பே, நிட்மிலுக்கில் படகுகள் விடத் தொடங்கிவிட்டார்களா என்று கேட்டறிவதுதான் முதல் வேலை. வெளி மாநிலங்களிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருபவர்கள் வட ஆட்புலப் பூங்காக்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். இங்கு வசிப்பவர்களுக்கு அது தேவையில்லை.

கேரவனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கேரவன் சாலையில் அலைபாய்ந்து கவிழ்வதற்குப் பெரும்பாலும் எடையை ஏற்றிய விதமே காரணமாகிறது. ஒவ்வொரு கேரவனுக்கும் ஏற்றக்கூடிய மொத்த எடையின் உச்ச வரம்பு அதன் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் காரின் கொக்கிமீது அழுந்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பின்பக்கம் பாரம் அதிகமாகிக் கொக்கிமீது அழுத்தம் குறைந்தால், வேகம் கூடும்போது கேரவன் வாலாட்டத் தொடங்கிவிடும். தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால், தொட்டியை நிரப்புவதும் காலியாக வைப்பதும் இந்தக் கணக்கையே மாற்றிவிடும். நாங்கள் அரிசி மூட்டை, பருப்பு, குக்கர், கருவிப்பெட்டி ஆகியவற்றை அச்சுக்கு மேலாகத் தரையோடு தரையாக வைத்தோம். மேலடுக்குகளில் துணியையும் அப்பளப் பொட்டலத்தையும் தவிர வேறொன்றும் வைக்கவில்லை. புறப்படும் முன் நகரத்தில் உள்ள எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது நல்லது. அந்தச் சிறு செலவு வழி முழுவதும் நிம்மதியைத் தரும்.

கேரவனின் எடை 750 கிலோவைத் தாண்டினால் அதற்கென்று தனி பிரேக் இருக்க வேண்டும் என்பதும், 2,000 கிலோவுக்கு மேல் போனால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருப்பதோடு, கொக்கி கழன்றுவிட்டால் தானாகவே கேரவனை நிறுத்தும் அமைப்பும் வேண்டும் என்பதும் ஆஸ்திரேலியச் சட்டம். வாடகைக்கு எடுப்பவர்கள் வாகனத்தைப் பெற்றுக்கொள்ளும்போதே இவற்றை ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். கொக்கி மாட்டிய பிறகு, பூட்டு விழுந்ததா, சங்கிலிகள் குறுக்காகப் போடப்பட்டனவா, விளக்குக் கம்பி செருகப்பட்டதா, கேரவனின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கிச் சக்கரம் தூக்கப்பட்டதா, கேஸ் சிலிண்டர் மூடப்பட்டதா என்று நான் வாய்விட்டுப் படிப்பேன். என் கணவர் தொட்டுப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். மறுமுறை அவர் படிப்பார், நான் தொட்டுப் பார்ப்பேன். படிப்பவரும் தொடுபவரும் ஒருவரேயாக இருந்தால் கண் பழகிப்போய் ஏதாவது ஒன்றைத் தாண்டிவிடும்.

பின்னோக்கி ஓட்டி நிறுத்துவதுதான் கணவன் மனைவி பேச்சுவார்த்தையைக் கெடுக்கும் வேலை என்று கேரவன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இதற்கு நாங்கள் வீட்டருகே காலியாக இருந்த மைதானத்தில் பயிற்சி செய்தபோதே சில விதிகளை வகுத்துக்கொண்டோம். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கேரவனின் பின்புறம் போகும். வெளியில் நிற்பவர் எப்போதும் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும்; அவர் கண்ணில் படவில்லையென்றால் ஓட்டுபவர் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். கத்திச் சொல்லக் கூடாது. கைபேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு, சாதாரணக் குரலில் பேச வேண்டும். வெளியே நிற்பவர் 'நிறுத்துங்க' என்றால், ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும். இந்தக் கடைசி விதி பின்னர் படகிலும் எங்களுக்குக் கைகொடுத்தது.

நிறுத்திய பிறகு ரசமட்டம் வைத்துத் தரையைச் சரிபார்ப்பதைச் சிலர் வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். கேரவன்களில் உள்ள பல ஃப்ரிட்ஜுகள் கேஸிலும் மின்சாரத்திலும் இயங்கக்கூடிய வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் திரவம் தன் போக்கில் இறங்கிச் சுற்றிவந்தால்தான் குளிர்ச்சி உண்டாகும் என்பதால், கேரவன் சாய்ந்து நின்றால் ஃப்ரிட்ஜ் குளிராது. என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் எங்கள் ஃப்ரிட்ஜில் தயிரோடு இன்சுலினும் இருந்தது. ஆகையால் சக்கரத்துக்குக் கீழே சரிவுக்கட்டை வைத்து, ரசமட்டத்தின் குமிழ் நடுவில் வந்து நிற்கும்வரை நான் உள்ளே போய்ப் பாயை விரிக்க மாட்டேன்.

நெடுஞ்சாலையில் இரண்டு எச்சரிக்கைகள் போதும். முதலாவது, ரோடு டிரெயின் எனப்படும், மூன்று நான்கு பெட்டிகள் கோத்த சரக்கு லாரிகள். 53.5 மீட்டர் நீளம்வரை அனுமதிக்கப்பட்ட இந்த வண்டிகள் எதிரே கடக்கும்போது காற்று கேரவனை முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுக்கும்; ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து நேராகச் செல்ல வேண்டுமே தவிர, பிரேக்கை மிதிக்கக் கூடாது. பின்னால் வரும் லாரிக்காரரோடு யு.எச்.எப். வானொலி எனப்படும் இருவழிப் பேச்சுக் கருவியின் 40ஆம் அலைவரிசையில் பேசி, முன்னால் சாலை காலியாக இருக்கிறது, தாண்டிச் செல்லலாம் என்று சொன்னால் அவர்கள் நன்றியோடு தாண்டிப் போவார்கள். இரண்டாவது, பொழுது சாய்ந்த பிறகு ஓட்டவே கூடாது. வேலியில்லாத மேய்ச்சல் நிலங்களிலிருந்து மாடுகளும் வாலபி எனப்படும் சிறு கங்காருகளும் சூடான தார்ச்சாலைக்கு வந்துவிடும்.

எங்கள் முதல் தங்கல் டக்ளஸ் வெந்நீர் ஊற்று. வகிமான் என்ற பழங்குடி மக்களின் நிலம் இது. நெடுஞ்சாலையை விட்டு விலகிச் செல்லும் வழியின் கடைசிச் சில கிலோமீட்டர்கள் மண்சாலை. மின்சார இணைப்பு இல்லாத இந்த முகாமில் எங்கள் தொட்டித் தண்ணீரையே நம்பியிருந்தோம். இங்குள்ள ஊற்றைப் பற்றித் தெரியாமல் இறங்குவது மிகவும் ஆபத்து. மற்ற இடங்களில் வெதுவெதுப்பாக இருக்கும் நீர் இங்கே ஊற்றுக்கண் அருகில் 60 டிகிரி வரை கொதிப்பேறி இருக்கும். அது தோலை வேகவைத்துவிடும். குளிக்கும் இடம் ஊற்றுக்கண் அன்று. வெந்நீர் ஓடை டக்ளஸ் ஆற்றின் குளிர்ந்த நீரோடு கலந்த பிறகான பகுதி.

அந்தக் கலப்பு நடக்கும் இடத்தில் ஒரே ஆள் நிற்கும் அகலத்துக்குள் மூன்று விதமான நீர் இருந்தது. என் இடது முழங்காலைத் தொட்டுப் போன நீர் குளிர்ச்சியாகவும், வலது முழங்காலைத் தொட்டது சூடாகவும் இருக்க, பாதத்துக்குக் கீழே மணலைக் கொஞ்சம் கிளறியபோது அடியிலிருந்து பொறுக்க முடியாத சூடு மேலே வந்தது. மேலே இதமாக இருக்கிறது என்று நம்பி மணலில் பாதத்தைப் புதைக்கக் கூடாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். நம்மவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதிகம். பாதத்தில் உணர்வு மங்கியிருப்பவர்களுக்குச் சூடு சுட்டது கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அதனால் குளியல் வாளிக்கு வாங்கிய வெப்பமானியைக் கயிற்றில் கட்டி எடுத்துச் சென்று, நான் முன்னே சென்று நீரை அளந்து, 38 டிகிரிக்கு உட்பட்ட இடமாகப் பார்த்துச் சொன்ன பிறகே அவர் ரப்பர் செருப்போடு இறங்கினார். கால் மணி நேரத்துக்கு மேல் உட்காரவில்லை. சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து தலைசுற்றல் வரக்கூடும் என்பதாலும், இன்சுலின் போட்டவர்களுக்குச் சூடான நீரில் மருந்து விரைந்து உடலில் சேர்ந்து சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும் என்பதாலும், கரையில் கடலை மிட்டாயும் தண்ணீர்ப் போத்தலும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. விடியற்காலையில், ஆள்கள் எழுவதற்கு முன் இங்கே போவது சிறப்பு. காற்று குளிர்ந்திருக்கும்போது ஊற்றிலிருந்து ஆவி எழுவதைப் பார்த்தாலே எங்கே சூடு அதிகம் என்று தெரிந்துவிடும்.

லெலின் அருவியில் சில மணி நேரமே இருந்தோம். கேத்தரினுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து 20 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். 2.6 கிலோமீட்டர் சுற்று நடையில் ஏறினால் மேலே சிறு சுனை இருக்கிறது. கீழே உள்ள பெரிய மடுவைவிட அது எங்களுக்குப் பிடித்திருந்தது. வெந்நீரில் கிடந்த உடம்புக்கு அந்தக் குளிர்ந்த நீர் மிகவும் வேண்டியிருந்தது.

நிட்மிலுக் இந்தப் பயணத்தின் நடுநாயகம். ஜாவோயின் என்ற பழங்குடி மக்களுக்கு இந்த நிலம் 1989இல் சட்டப்படி திரும்ப அளிக்கப்பட்டது. பூங்காவின் நிர்வாகத்தில் அவர்களுக்குப் பங்கு இருக்கிறது, சுற்றுலாப் பணிகளும் அவர்களுடையவை. 160 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட மணற்பாறையைக் கேத்தரின் ஆறு அறுத்து உண்டாக்கிய இந்தப் பள்ளத்தாக்கு, மழைக்காலத்தில் ஒரே ஆறாகப் பாய்ந்தாலும், வறண்ட காலத்தில் நீர் இறங்கியதும் பாறைத் திட்டுகளால் துண்டு துண்டான நீண்ட மடுக்களாகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொரு திட்டு வரும்போதும் இறங்கி, படகைப் பாறைமீது தூக்கியும் இழுத்தும் அடுத்த மடுவில் விட வேண்டும். மலைத்துவிட வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய நாங்கள் இருவரும் செய்தோம். ஆனால் வழுக்காத காலணி கட்டாயம் வேண்டும். செருப்போடு படகு தூக்குவது காலை உடைத்துக்கொள்வதற்குச் சமம்.

கேரவனைப் பூங்கா முகாமில் பூட்டிவிட்டு, பள்ளத்தாக்குக்குள் இரவு தங்க அனுமதிச்சீட்டு பெற்றுக்கொண்டு, இருவர் படகில் புறப்பட்டோம். சிறிய கூடாரம், மெல்லிய பாய், சிறு கேஸ் அடுப்பு, இன்சுலினுக்குக் குளிர்க் கட்டியுடன் கூடிய பை, ஆளுக்கு 5 லிட்டர் குடிநீர், நீர் புகாத மூடியிட்ட பிளாஸ்டிக் டிரம்மில் உணவு. இதற்குமேல் ஏற்றினால் பாறைத் திட்டில் ஒவ்வொரு கிலோவும் தன்னை நினைவூட்டும். உணவுக்கு நான் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டுபோனேன். சோறு மட்டும் வடித்தால் போதும் என்பதாலும், புளிக்காய்ச்சல் வெயிலிலும் கெடாது என்பதாலும், படகுப் பயணத்துக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியவில்லை.

படகில் பின்னால் அமர்பவர் திசையைப் பார்த்துக்கொள்கிறார். முன்னால் அமர்பவர் துடுப்பின் தாளத்தை வைக்கிறார். எடை கூடியவர் பின்னால் இருந்தால் படகின் மூக்கு சற்றே உயர்ந்து நேராக ஓடும் என்பதால் என் கணவர் பின்னால் அமர்ந்தார். முன்னால் இருந்த எனக்குக் கிடைத்த பாடம், வேகமாகப் போடுவதைவிடச் சீராகப் போடுவதே முக்கியம் என்பது. என் தாளம் மாறினால் பின்னால் இருப்பவரின் துடுப்பு என்னுடையதில் மோதும். படகு மூக்கைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீருக்கு அடியில் உள்ள பாறை முதலில் என் கண்ணுக்குத்தான் தெரியும். ஆனால் படகைத் திருப்புவது அவர் கையில் இருக்கிறது. எனவே, கண்டதைச் சொல்வது என் வேலை, எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுப்பது அவர் வேலை என்று பிரித்துக்கொண்டோம். நான் 'வலப்பக்கம் பாறை' என்று மட்டும் சொல்வேன். 'இடப்பக்கம் திருப்புங்க' என்று சொல்ல மாட்டேன். கேட்பதற்குச் சின்ன வேறுபாடாகத் தோன்றும். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் எதிரெதிராகத் துடுப்பு போட்டுப் படகைக் கவிழ்க்கும் தம்பதிகளை அங்கேயே பார்க்க நேர்ந்ததால், இந்தப் பிரிவினையின் அருமை எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. எனக்கு நீச்சல் அரைகுறைதான். மிதவைச் சட்டையைக் கரையேறும்வரை கழற்றவில்லை. நீச்சல் தெரிந்தவர்களும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

காலை முதல் படகிலேயே கிளம்பிவிடுவது நல்லது. உயர்ந்த பாறைச் சுவர்களின் நிழல் காலையில் ஒரு கரையோரம் விழும். அதன் ஓரமாகவே சென்றால் களைப்பு தெரியாது. நண்பகலுக்குப் பிறகு பாறை சூடேறி அனலை வீசத் தொடங்கும். அந்த நேரத்தை நீந்தவும் நிழலில் படுக்கவும் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு பாறைத் திட்டிலும் என் கணவரின் சர்க்கரையைச் சோதித்தோம். துடுப்பு போடுவது நடைப்பயிற்சியைவிடக் கடுமையான உழைப்பு. சர்க்கரை இறங்கியபின் பார்ப்பதைவிட முன்கூட்டியே இரண்டு பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிடுவது மேல். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தோம். பள்ளத்தாக்குக்குள் கைபேசி எடுக்காது. ஆகவே செயற்கைக்கோள் வழியாக உதவி கோரும் சிறு கருவியை இடுப்பில் கட்டியிருந்தேன். அதைப் படகில் வைக்கக் கூடாது. படகு கவிழ்ந்து போனால் கருவியும் போய்விடும்.

நன்னீர் முதலைகள் இந்த மடுக்களில் வாழ்கின்றன. மூக்கு ஒடுங்கியவை, அளவில் சிறியவை, மனிதரைக் கண்டால் விலகுபவை. ஆனாலும் மிதித்தாலோ நெருங்கித் தொந்தரவு செய்தாலோ கடிக்கும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அவை ஆற்றோர மணல்திட்டுகளில் முட்டையிடுகின்றன. படகை ஒதுக்குவதற்கு மிக அழகாகத் தெரியும் மணல்கரைகளில் 'இறங்காதீர்' என்ற பலகை நடப்பட்டிருப்பதற்கு இதுதான் காரணம். அந்தப் பலகைகளை மதிக்காமல் இறங்கிப் படம் எடுப்பவர்களைக் கண்டபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. முட்டைகள் மணலுக்குள் ஒரு சாண் ஆழத்தில் கிடக்க, மேலே நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறவருக்கு என்ன தெரியும்? இரவு கூடாரத்துக்கு வெளியே வந்து தலைவிளக்கை நீரின்மேல் திருப்பியபோது எதிர்க்கரை ஓரமாக இரண்டு செம்புள்ளிகள் தெரிந்தன. விளக்கை அணைத்துவிட்டு, மறுபடி போட்டபோது அவை இடம் மாறாமல் அப்படியே இருந்தன. நீர் விளிம்பிலிருந்து நன்றாக விலகியே கூடாரம் அடித்திருந்தோம். பாத்திரங்களை ஆற்றில் கழுவவில்லை. எஞ்சிய சோற்றை டிரம்முக்குள் வைத்து மூடினோம். இந்த மூன்றையும் செய்தால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

கேத்தரின் ஊரிலேயே ஆற்றங்கரையை ஒட்டி ஊற்றுக் குளங்கள் இருக்கின்றன. கட்டணம் இல்லை. 25 முதல் 30 டிகிரி வரையிலான நீர். பெயரில் வெந்நீர் என்று இருந்தாலும் டார்வின்காரர்களுக்கு அது குளிர்ந்த நீர்தான். துடுப்பு போட்டு வலித்த தோளுக்கு இதமாக இருந்தது என்பதைத் தவிரச் சொல்ல அதிகம் இல்லை.

மாட்டரங்காவின் கதை வேறு. கேத்தரினிலிருந்து தெற்கே சுமார் 105 கிலோமீட்டரில் உள்ள இந்தச் சிற்றூரைச் சுற்றியுள்ள ஊற்றுகளின் நீர் எரிமலைச் சூட்டினால் வருவதன்று. நிலத்தடியில் உள்ள சுண்ணாம்புப் பாறைகளுக்குள் இறங்கிய மழைநீர், அங்கேயே நெடுங்காலம் தங்கி, நிலத்தின் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு 34 டிகிரி அளவில் மேலே வந்து ரோப்பர் ஆற்றில் சேர்கிறது. உடல் வெப்பத்துக்குச் சற்றே குறைவான இந்த அளவுதான் அங்கே மணிக்கணக்கில் கிடக்க முடிவதற்குக் காரணம். பனைகளுக்கு நடுவே உள்ள மாட்டரங்கா ஊற்றுக்குளத்தில் நாளொன்றுக்கு 3 கோடி லிட்டருக்கும் மேல் நீர் சுரக்கிறது. கரை கட்டிய குளம் என்பதால் வயதானவர்கள் இறங்க வசதி. ஆனால் கூட்டமும் அதிகம். வௌவால் கூட்டங்கள் அந்தப் பனைகளில் வந்து தங்கும் காலத்தில் வாடை தாங்க முடியாது என்று பக்கத்துக் கேரவனில் இருந்த குவீன்ஸ்லாந்துப் பெரியவர் சொன்னார். நாங்கள் போனபோது அவ்வளவாக இல்லை.

பிட்டர் ஸ்பிரிங்ஸ் என்ற இன்னோர் ஊற்றை நான் மிகவும் விரும்பினேன். இங்கே கரை கட்டவில்லை. மெல்லிய நீரோட்டத்தில் மல்லாந்து மிதந்தபடி, பனையும் நாணலும் சூழ்ந்த ஓடையில் கீழே சென்று, ஏணிப்படியில் ஏறி, நடைபாதையில் திரும்பி வந்து மறுபடி இறங்கலாம். நீர் நீலம் பாய்ந்து, அடியில் கிடக்கும் மரக்கிளையும் பாசியும் தெளிவாகத் தெரியும் அளவுக்குத் துலக்கமாக இருந்தது. சில இடங்களில் கால் எட்டாது என்பதால் நீச்சல் தெரியாதவர்கள் நீண்ட நுரைக் குழல் மிதவையை அக்குளில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் முன்னும் அவர் பின்னுமாக, படகில் இருந்த அதே வரிசையில் மிதந்தோம். காலை 8 மணிக்கு முன் போனால் ஓடை ஏறத்தாழ உங்களுக்கே சொந்தம். 10 மணிக்கு மேல் மிதவைகள் ஒன்றோடொன்று உரசும்.

வெதுவெதுப்பான நன்னீர் எங்கே இருந்தாலும் ஓர் எச்சரிக்கை பொருந்தும். நெக்லீரியா எனப்படும் அமீபா இத்தகைய நீரில் வாழக்கூடியது. நீரைக் குடிப்பதால் அது தீங்கு செய்வதில்லை. மூக்கின் வழியே ஏறினால் மூளையைத் தாக்கும். மிகவும் அரிதான நோய்தான், ஆனால் வந்தால் பிழைப்பது அரிது. ஆகையால் தலையை நீருக்குமேல் வைத்துக்கொள்வது, குதிக்காமல் இறங்குவது, அடிச்சேற்றைக் கலக்காமல் இருப்பது ஆகியவற்றை விடாமல் கடைப்பிடித்தோம். குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் இதில் சற்றும் தளரக் கூடாது.

மாட்டரங்காவில் சமைக்கும்போது இன்னொரு செய்தி தெரியவந்தது. அதே சுண்ணாம்புப் பாறையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கடினமானது. அதில் துவரம்பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் முழுதாக மலராது. நம் ஊரில் உப்புத் தண்ணீர்க் கிணறு உள்ள வீடுகளில் பருப்புக்கென்று தனியாக நல்ல தண்ணீர் எடுத்து வைப்பார்களே, அந்தப் பழக்கம் இங்கே உதவியது. டார்வினில் நிரப்பி வந்த தண்ணீரில் ஒரு கேனைச் சமையலுக்கென்றே ஒதுக்கினேன். குழாய்த் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொண்டேன். இட்லி மாவுக்கு இந்த ஊர்ப் பகல் வெயில் போதும். காலையில் அரைத்தது மாலையில் பொங்கி நின்றது. ஆனால் மிக்சி ஓட மின் இணைப்புள்ள இடம் வேண்டும். கேரவனின் மின்கம்பிச் செருகி 15 ஆம்பியர் வகை என்பதால் வீட்டுச் சுவர்ப் பொருத்தியில் நுழையாது என்பதையும் புதியவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

எங்களைப் போல் விடுப்பு நீளமாகக் கிடைக்காதவர்கள் இந்த இடங்களில் எதை விடுவது என்று கேட்பார்கள். லெலினை விடலாம், கேத்தரின் ஊற்றை வழியில் ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொள்ளலாம். நிட்மிலுக்கில் ஒரு முழு நாளாவது படகுக்கு ஒதுக்குங்கள். இரவு தங்க முடியாவிட்டாலும் இரண்டு மூன்று மடுக்களைக் கடந்து வரலாம். டக்ளஸ் ஊற்றுக்குச் செல்லும் மண்சாலை திறந்திருக்கிறதா என்பதைப் புறப்படும் நாள் காலையில் பார்த்துவிடுங்கள். மூடியிருந்தால் வருந்தாமல் அந்த இரவையும் பிட்டர் ஸ்பிரிங்ஸ் அருகிலேயே கழித்துவிடுங்கள்.